குஞ்சுகள் ஒதுங்கிய மூலை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கோழிக் கொட்டகையின் முன்னால் நின்றவர்கள் இவர்கள்: தாண்டவராயன் ஆகிய நான், என் மனைவி செங்கமலம், ஸ்ரீபெரும்புதூரில் வாழ்க்கைப்பட்டு, பொங்கலுக்கு வந்து, பொங்கல் கழிந்தும் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த என் அக்காள் தாயாரம்மாள், அம்பத்தூரில் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டு வாரம் ஒரு முறை வீட்டுக்கு வரும் என் மகன் நாகப்பன், அவன் மனைவி கங்கா, பக்கத்து நிலத்துக்காரன் சுப்பன். வேறு யாரும் இல்லை. கண்ணால் பார்த்தேன் என்று ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடையில் கதை சொல்கிறவர்கள் எல்லாம் வெயில் ஏறின பிறகு வேலிக்கு அப்பால் நின்று எட்டிப் பார்த்தவர்கள். எட்டிப் பார்த்தவன் சாட்சி ஆகமாட்டான்.

எழுபத்து நாலாம் வருஷம், தை மாதம். ஏரி வறண்டு இரண்டாம் போகம் நின்றுபோன வருஷம். கங்கா படப்பைப் பெண். அவள் பிறந்த வீட்டில் வெள்ளைக் கோழி வளர்த்து முட்டை விற்கிறார்கள். அங்கிருந்து அவள் தம்பி, கார்த்திகையிலேயே, பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகளை இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினான். ஊரில் சிரித்தார்கள். "தாண்டவராயன் வூட்ல முட்ட வியாபாரமாம்" என்று வல்லக்கோட்டை கோயில் வாசலிலேயே ஒருவன் என் காதுபடச் சொன்னான். நிலம் காய்ந்தால் அவன் எதைத் தின்பானோ தெரியவில்லை. என் வீட்டில் உழைப்பதற்கு யாரும் வெட்கப்பட்டதில்லை. உட்கார்ந்து பிறர் வீட்டைப் பேசுவதற்குத்தான் வெட்கப்படுவோம்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மருமகள் மாமனார் முன்னால் நின்று பேசுவதில்லை. மாமனாரும் அவளிடம் நேரே பேசுவதில்லை. கங்கா வந்து நாலு வருஷமாகியும் அவளுக்குச் சொல்ல வேண்டியதைச் செங்கமலத்திடம்தான் சொல்வேன், அவள் பக்கத்திலேயே நின்றாலும். அவளும் அப்படியே. ஆகவே குஞ்சு வளர்ப்பதைப் பற்றி அவள் எனக்கு எதையும் சொல்லவில்லை. போகும்போதும் வரும்போதும் நானே பார்த்துக்கொண்டதுதான்.

நெல் அறையைக் காலி செய்து கொடுத்தேன். கங்கா மூங்கில் தட்டியை வட்டமாக வளைத்து, உள்ளே உமி பரப்பி, நடுவில் கவிழ்த்த கூடைக்குள் பல்பைத் தொங்கவிட்டாள். குளிர்ந்தால் குஞ்சுகள் கூடைக்கு அடியில் போய் நெருக்கும். சூடு அதிகமானால் வாயைத் திறந்துகொண்டு தட்டி ஓரமாக விலகும். இரண்டும் இல்லாமல் இதமாக இருந்தால், தரையில் சிந்திய பொரி மாதிரி பரவலாகக் கிடக்கும். கரண்ட் போனால் மண்சட்டியில் கரிநெருப்பு போட்டு நடுவில் வைத்துவிட்டு அது திரும்பி வரும்வரை நகரமாட்டாள். இறகு முளைக்க முளைக்கக் கூடையை மேலே மேலே தூக்கிக் கட்டினாள். பிறகு பகலில் விளக்கை அணைத்தாள். அப்புறம் ஜன்னலைத் திறந்தாள். வெளிக்காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும் என்று செங்கமலத்திடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

கிணற்றுப் பக்கம் கொட்டகையை நாகப்பனும் சுப்பனும் சேர்ந்து கட்டினார்கள். இடுப்பளவு மண்சுவர், அதற்கு மேல் கம்பி வலை, கீற்றுக் கூரை. குஞ்சுகளை வெளியே விடுவதற்கு நாள் நான்தான் பார்த்துக் கொடுத்தேன். மார்கழியில் மனிதனே புதுவீட்டுக்குக் குடிபோவதில்லை. கோழி மட்டும் போகலாமா? தை பிறக்கட்டும் என்றேன். தாமதமானதும் நல்லதாகத்தான் போயிற்று, அதற்குள் எல்லாவற்றுக்கும் நெஞ்சில் இறகு மூடிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் கங்கா குஞ்சுகளைக் கூடை கூடையாக எடுத்துப்போய் விட்டாள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, மூக்கைத் தண்ணீர்த் தொட்டியில் ஒருதரம் நனைத்து, அப்புறம்தான் கீழே விட்டாள். புது இடத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமல்லவா. வாடைக்காற்று வரும் பக்கம் எல்லாம் கோணிப்பை தொங்கவிட்டாள். வீட்டைப் பார்த்த பக்கத்தில் மட்டும் வலை திறந்திருந்தது. முதல் ராத்திரி இருட்டில் குஞ்சுகள் மிரளாமல் இருக்க, வீட்டிலிருந்து ஒயர் இழுத்து அந்தப் பக்கத்துக் கூரை ஓரத்தில் பல்பை மாட்டினான் நாகப்பன்.

கங்கா கடைசிக் குஞ்சையும் விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "ஒண்ணு கூட நோவு நொடி இல்லாம தேறிக்கிச்சிங்க அத்தே. எம்மா அழகா கீதுங்க பாருங்க" என்று செங்கமலத்திடம் சொன்னாள்.

அக்காளுக்கு அது பொறுக்கவில்லை. "வாயக் கழுவுடி! பெத்தவளே பச்சக் கொயந்தைய அயகுன்னு சொல்லமாட்டா. நீ இன்னா கண்டே, பெத்தியா வளத்தியா?" என்றாள்.

கங்கா குனிந்துகொண்டாள். நான் கனைத்தேன். என் வீட்டில் நான் கனைத்தால் பேச்சு நிற்கும். அக்காள் மூத்தவளானதால் அவளுக்கு மட்டும் அது காதில் விழுவதில்லை.

அக்காள் உள்ளே போய் ஒரு பொம்மையோடு வந்தாள். நாகப்பனின் பழைய காக்கிச் சட்டையில் வைக்கோல் அடைத்து, கைகள் இரண்டும் விரியும்படி குறுக்கே மூங்கில் செருகி, தலைக்குச் சுரைக்குடுக்கை வைத்து, சுண்ணாம்பில் கண்ணும் பல்லும் எழுதியிருந்தாள். புதுக் கட்டடத்துக்குத் திருஷ்டிப் பொம்மை கட்டுவது எல்லாரும் செய்வதுதான். கூரை ஓரத்தில் பல்புக்குப் பக்கத்திலேயே ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது. அதில் கட்டித் தொங்கவிட்டாள்.

விடியற்காலையில் கங்கா போட்ட அலறலில்தான் நாங்கள் ஓடினோம். சுப்பன் வரப்பில் இருந்து வேலியைத் தாண்டி வந்தான். கொட்டகையின் கோடி மூலையில், கோணிப்பையை ஒட்டி, குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மேடாகக் கிடந்தன. மேலே இருந்தவை உயிரோடு இருந்தன. கீழே இருந்தவை நசுங்கி, நனைந்த துணிபோல் ஒட்டிக்கிடந்தன. பாதிக்குமேல் போய்விட்டன. கங்கா ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "பனியில வுட்டுட்டேனே, நான்தான் அவசரப்பட்டுட்டேன், இன்னும் ரெண்டு நாளு உள்ளயே வெச்சிருக்கணும்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

"பனியாவது கினியாவது" என்றாள் அக்காள். "நேத்து அயகு பாத்தியே, அது போதாதா? கொள்ளிக் கண்ணு! கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? நாலு வருசமா வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல. இப்ப வளக்குற ஜீவனையும் முழுங்கிட்டா."

சுப்பனுக்கு என் அக்காளைச் சிறுவயதிலிருந்தே தெரியும். "அப்பிடியா அக்கா? அப்ப எங்க வூட்டுக் குதிர்ல எலிங்க கும்மாளம் போடுது. அந்தப் பொண்ண ஒரு நட வந்து பாத்துட்டுப் போவச் சொல்லு, உனக்குப் புண்ணியமா போவும்" என்றான்.

"நீ மூடுடா. வேலி தாண்டி வந்தவனுக்கு இன்னா பேச்சு?" என்று அவனை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "தாண்டவராயா, நான் மறைச்சிப் பேசல. எங்க வூட்டுக்காரரு தம்பி பொண்ணு லீலா வயசுக்கு வந்து ரெண்டு வருசம் ஆவுது. உன் புள்ளைக்குக் குடுக்கிறேன்னு அவங்க வாயால சொல்லிகினு கீறாங்க. இவள இன்னிக்கே படப்பை பஸ்ஸுல ஏத்திவுடு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

பொங்கலுக்கு வந்தவள் இத்தனை நாள் ஏன் கிளம்பவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. குஞ்சு செத்ததால் வந்த பேச்சல்ல இது. பேச்சு முன்பே இருந்தது. குஞ்சு சாவதற்குக் காத்திருந்தது.

நான் நாகப்பனைப் பார்த்தேன். கட்டினவளைக் கொள்ளிக்கண் என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவன் கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கால்போல நின்றான். "எனக்கு நாளைக்கி ஃபர்ஸ்ட் ஷிப்ட் நைனா. சாயங்காலமே கெளம்பணும். நீங்க எல்லாம் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்றான்.

"இன்னாடா முடிவு? மாடு விக்கிறமா, பேசி முடிவுக்கு வர்றதுக்கு? உன் சூப்பர்வைசர் கிட்ட இப்பிடித்தான் கைகட்டி நிப்பியா?" என்றேன். தலையைத் தொங்கப்போட்டான்.

அக்காளிடம் சொன்னேன்: "அக்கா, இந்தப் பொண்ண படப்பைக்குப் போயி பாத்தவன் நான். வெத்தல பாக்கு மாத்தனவன் நான். அவ கண்ணு கொள்ளிக் கண்ணுன்னா, அதத் தேடி எடுத்து வூட்டுக்குக் கொண்டாந்த என் கண்ணு குருட்டுக் கண்ணுன்னு அர்த்தம். நம்ம அப்பன் வூட்ல இதுவரைக்கும் ஒரு மருமவளும் திருப்பி அனுப்பப்பட்டதில்ல."

"அப்போ பொணத்த எண்ணிகினே காலத்த ஓட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆனால் போகும்போது வேலிப் பக்கம் வந்து நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "பூச்சி புழு கூடத் தாங்கல அவ பார்வைய" என்றாள். ஊருக்குள் பரவியது அந்த வாக்கியம்தான். மத்தியானத்துக்குள், கோழிக்கு ஊட்டத் தவிடு கேட்டுப்போன செங்கமலத்தை, "மருமவ வரலையே?" என்று கேட்டு, பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒரு வீட்டில் கதவைத் திறந்தார்களாம். அவள் தவிடு வாங்காமலே திரும்பி வந்தாள். எங்கள் களத்தில் நெல் வாங்கித் தின்ற வீடு அது.

செத்தவற்றைக் கங்காவே எருக்குழிக்கு அப்பால் புதைத்தாள். வந்து, தன் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள் என்று செங்கமலம் சொன்னாள். யாரும் போகச் சொல்லாமலே.

எனக்குச் சோறு இறங்கவில்லை. துக்கத்தினால் அல்ல, கோபத்தினால். கொட்டகைக்குப் போய் நின்று பார்த்தேன். பனியால் செத்தது என்று கங்கா சொல்கிறாள். பார்வையால் செத்தது என்று அக்காள் சொல்கிறாள். குளிர்ந்தால் குஞ்சு எங்கே போகும்? விளக்குப் பக்கம் போகும். நெல் அறையில் மாதக்கணக்கில் நான் பார்த்தது அதைத்தானே. பிறந்தது முதல் வெளிச்சம்தான் அவற்றுக்குத் தாய். ஆனால் இவை செத்துக்கிடந்த மூலையோ விளக்குக்கு நேர் எதிர் மூலை. வெளிச்சத்தை விட்டு எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு தூரம் ஓடி, ஓட இடம் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. குளிருக்குப் பயந்தவை அப்படிச் செய்யாது. வேறு எதற்கோ பயந்திருக்கின்றன.

கீரியா, காட்டுப்பூனையா? வலை அறுபடவில்லை. ஒரு குஞ்சின்மேலும் பல் படவில்லை. சாயங்காலம் கட்டிலை எடுத்துப்போட்டு, கையில் தடியோடு கொட்டகைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

மிச்சமிருந்த குஞ்சுகள் உமியைச் சீய்த்துக்கொண்டிருந்தன. வெளிச்சம் மங்கியது. வீட்டுச் சந்தில் புகுந்து காற்று வர ஆரம்பித்தது. செங்கமலம் உள்ளிருந்து சுவிட்சைப் போட்டாள். பல்பு எரிந்த மறுகணம் குஞ்சுகள் அத்தனையும் கீச்சிட்டுக்கொண்டு கோடி மூலைக்கு ஓடின.

நான் தடியை ஓங்கிக்கொண்டு எழுந்தேன். அடிக்க அங்கே ஒன்றும் இல்லை. அப்புறம்தான் சுவரைப் பார்த்தேன். பல்புக்கும் வலைக்கும் நடுவே அந்தப் பொம்மை தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் அது அரை அடி ஆடினால், அதன் நிழல் கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஆடியது. விரித்த இரண்டு கைகளும் சேர்ந்து, ஒரு பெரிய பருந்து தாழப் பறந்து வருவதும் போவதும்போலத் தரையிலும் சுவரிலும் குஞ்சுகளின் முதுகிலும் ஓடியது. பருந்தை ஒருநாளும் பார்க்காத குஞ்சுக்கும் பருந்தின் நிழல் தெரியும். ராத்திரி முழுவதும் அது அவற்றின்மேல் பறந்திருக்கிறது.

கொம்பை வளைத்துப் பொம்மையை வெளிச்சத்துக்கு அப்பால் தள்ளிப் பிடித்தேன். நிழல் போயிற்று. கொஞ்ச நேரத்தில் மேடு கலைந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாக விளக்குப் பக்கம் வந்தன. விட்டேன். மறுபடியும் ஓடின.

காலையில் இருந்தவர்கள் எல்லாரும் வர வேண்டும் என்று அங்கிருந்தே குரல் கொடுத்தேன். ஒருவர் குறையக்கூடாது என்றேன். சுப்பனை வரப்பிலிருந்து கூப்பிட்டேன். கையில் பையோடு கிளம்பி நின்ற நாகப்பனைப் பையை வைத்துவிட்டு வரச் சொன்னேன்.

அக்காள் வாசலைத் தாண்டவில்லை. "வெளக்கு வெக்கிற நேரத்துல பொணம் வுழுந்த எடத்துக்கு நான் வரமாட்டேன்."

"நீ கட்டினத நீ வந்து பாக்கணும் அக்கா. காலையில ஊரு கேக்கப் பேசினல்ல, இப்போ ஊரு பாக்க வா" என்றேன். வேலிக்கு அப்பால் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். சேரட்டும் என்று விட்டேன். வேறு வழியில்லாமல் வந்தாள்.

முதலில் பொம்மையைக் கழற்றிக் கீழே வைத்தேன். குஞ்சுகள் அடங்கும்வரை யாரையும் பேசவிடவில்லை. அடங்கின. பிறகு, செங்கமலத்தின் முதுகுக்குப் பின்னால் நின்ற என் மருமகளைப் பார்த்து, நேராக, அவளிடமே பேசினேன்.

"கங்கா, இங்க வாம்மா."

செங்கமலம் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். கங்கா நகரவில்லை.

"உன்னத்தாம்மா. வந்து வலையாண்ட நில்லு. தல குனியாத. கண்ணு நெறைய பாரு. எவ்ளோ நேரம் வோணுமோ பாரு. அயகா கீதுங்கன்னு சொல்லணும்னா அதையும் சொல்லு."

வந்து நின்றாள். பார்த்தாள். அழுகையோடு பார்த்தாள், பிறகு அழாமல் பார்த்தாள். குஞ்சுகள் சீய்த்தன, குடித்தன. அவளை அடையாளம் கண்டு பாதிக்கு மேல் அந்தப் பக்கத்துச் சுவரடிக்கு வந்துவிட்டன. ஒன்று தாவி மண்சுவர்மேல் ஏறி, வலைமேல் வைத்திருந்த அவள் கைக் கண்ணாடி வளையலைக் கொத்தியது. வேலிப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

"போதுமாக்கா? இல்ல இன்னும் பாக்கச் சொல்லட்டா?" என்றேன்.

அக்காள் வாசல் பக்கம் திரும்பினாள்.

"நாகப்பா, அந்தப் பொம்மைய எடுத்து இருந்த எடத்துல மாட்டு."

மாட்டினான். காற்று வந்தது. நிழல் எழுந்து சுவரில் கையை விரித்தது. குஞ்சுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு கோடி மூலைக்கு ஓடி மேடாகக் குவிந்தன. "ஐயோ, மாமா, எடுத்துடச் சொல்லுங்க, நசுங்கிடும்!" என்று கங்கா கத்தினாள். நாலு வருஷத்தில் அவள் என்னிடம் நேரே பேசிய முதல் பேச்சு அது. நான் சொல்வதற்குள் நாகப்பன் கயிற்றை அறுத்துவிட்டான்.

"யாரு கண்ணுப்பா கொள்ளிக் கண்ணு?" என்று சுப்பன் சுரைக்குடுக்கையைக் காலால் புரட்டினான். "இந்தக் கண்ணுல சுண்ணாம்பு வெச்சது யாரு?"

அக்காள் விட்டுக்கொடுக்கிறவள் அல்ல. "பொம்மை திருஷ்டிய இழுத்துக்கும். இழுத்ததுதான் அதுங்க மேல எறங்கிடுச்சி. மொதல்ல திருஷ்டி வெச்சவ யாரு?" என்றாள்.

அப்போதுதான் என் மகன் வாயைத் திறந்தான். "அத்தே, போதும். லீலாவுக்கு வேற எடம் பாருங்க. எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சி" என்றான். காலையிலேயே சொல்லியிருக்க வேண்டிய பேச்சு. சாயங்காலமாவது சொன்னானே என்று நான் சும்மா இருந்தேன். அன்று அவன் அம்பத்தூருக்குக் கிளம்பவில்லை.

அக்காள் அந்த நிமிஷமே கிளம்புவேன் என்றாள். விளக்கு வைத்தபின் பிறந்த வீட்டுப் பெண் படி இறங்கக்கூடாது என்று செங்கமலம் கையைப் பிடித்து நிறுத்தினாள். மறுநாள் விடியலில், பனி விலகும் முன்பே, வெற்றிலை பாக்கு, பூ, பழம், புதுப்புடவை எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்து அனுப்பினோம். என் அக்காள் எவ்வளவு பேசினாலும் எங்கள் வீட்டுப் பெண். வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை. தட்டை வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பனிக்கு முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தாள். பெட்டியை நாகப்பன் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். கங்கா அந்நேரம் கொட்டகையில் கோணிப்பைகளைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

தாண்டவராயன் மருமகளைப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டான், கூட்டுரோட்டில் அவள் பஸ் ஏறியதை நாங்களே பார்த்தோம் என்று இன்றுவரை சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அன்று விடியலில் எங்கள் வீட்டிலிருந்து முக்காடு போட்ட ஒரு பெண் பஸ் ஏறினாள் என்பது உண்மை. அந்தப் பஸ் படப்பைக்குப் போகவில்லை, ஸ்ரீபெரும்புதூருக்குப் போனது. அதில் ஏறியது என் அக்காள் தாயாரம்மாள்.